மஞ்சள் லைட்டும் மலையேத்தியும்

என் பணியேற்பு அறிக்கையின் நகல் இன்னும் கோப்பில் இருக்கிறது. ‘மு.ப.’ என்று முதல்நாளே எழுதிவைத்திருந்ததை அடித்து ‘பி.ப.’ என்று திருத்தியிருக்கிறேன். பக்கத்தில் திங்கட்கிழமைத் தேதியுடன் என் சுருக்கொப்பம். அந்தத் திருத்தத்துக்குக் காரணமானவரைப் போல ஒரு பிடிவாதக்காரர் கொல்லிமலைப் பாதையின் எழுபது வளைவுகளிலும் கிடையாது.

மலைப்பாதை தொடங்கும் காரவள்ளியில் அவருக்கு மெக்கானிக் கடை. ஊரார் வைத்த பெயர் ‘மலையேத்தி’. விளக்கு அணைந்தது என்று சொல்லாமல் மலையேறிவிட்டது என்கிறோம் அல்லவா? டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் எஞ்சின் லைட்டுக்கும் அவர் அதே மரியாதையைக் கொடுத்தார். ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகி, சாமி வந்தவரிடம் கேட்பதுபோல, “என்ன கொறை சாமி? சொல்லு” என்பார். திரையில் பழுதின் குறியீட்டு எண் வரும். அந்தக் குறை தீரும்வரை, லைட்டை அழிக்கும் பட்டனைத் தொடமாட்டார்.

சுற்றுலா வந்த ஒருவர் லைட்டின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். “சாமி கண்ணைக் கட்டிப்போட்டு எங்கீங்க போறீங்க?” என்று அவரைத் திட்டிவிட்டு, காரிடம் மன்னிப்பும் கேட்டார் மலையேத்தி. இன்னொருவர் சொந்தமாக ஸ்கேனர் வாங்கிவந்து தானே அழித்துக்கொண்டு ஏறினார். ஒன்பதாம் வளைவில் லைட் திரும்பி வந்தது. சற்று நேரத்தில் அவரும் திரும்பி வந்தார்.

மலைமேலுள்ள ஊர்த்தொகுதிகளுக்கு ‘நாடு’ என்று பெயர். அந்தத் திங்களன்று குண்டூர் நாட்டுப் பள்ளியில் நான் ஆசிரியராகச் சேர வேண்டும். அதே நாள் திண்ணனூர் நாட்டில் சேர இன்னோர் ஆசிரியர் கிளம்பியிருந்தார். முற்பகலில் சேர்பவரே பணிமூப்பில் முந்துவார் என்பது எங்களிடையே அப்போது நிலவிய நம்பிக்கை. காரவள்ளியை நெருங்கும்போது ஒன்பதரை மணிக்கு என் காரில் மஞ்சள் லைட் எரிந்தது. மலையேத்தியின் கடையில் நிறுத்தினேன்.

“அழிச்சு மட்டும் விடுங்க. மேல போய்ப் பாத்துக்கறேன்” என்றேன்.

“ஏனுங்க சார், லைட்டு மலையேறோணுமா, காரு மலையேறோணுமா?”

“ரெண்டும்தான்!”

“அப்ப உக்காருங்க. மூணாவது சிலிண்டர் எரியறதே இல்லீங்க. தீப்பொறி குடுக்கற இக்னிஷன் காயில் போயிருச்சு. சேந்தமங்கலத்துல சொல்லியுடறேன், பஸ்ஸுல வந்துரும்.”

“என் சீனியாரிட்டி போயிடும்ங்க!”

“வளைவுல வண்டி பின்னால உருண்டா, சீனியாரிட்டி மட்டும் முன்னால போவுங்களா?”

பட்டனை நானே அமுக்கிவிடப் பாய்ந்தேன். அவர் ஸ்கேனரைப் பிடுங்கி ஸ்டூலில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

காயில் வந்தபோது மணி பன்னிரண்டே கால். மாட்டி முடித்து, “மலையேறு சாமி” என்று பட்டனை அமுக்கினார். லைட் போயிற்று. என் முற்பகலும் போயிருந்தது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

நான்காவது வளைவில் கண்ணாடியில் ஒரு மொபட் தெரிந்தது. இருபதாவதிலும் தெரிந்தது. நாற்பதைத் தாண்டியும் இருமிக்கொண்டே பின்னால் வந்தது. எழுபதாவதைக் கடந்து காரை நிறுத்தி எட்டிப்பார்த்தேன். ஒரு வளைவு கீழே, மொபட்டில் ஒற்றைக்காலை ஊன்றியபடி மலையேத்தி. என்னைக் கண்டதும் வண்டியைத் திருப்பி இறங்கிவிட்டார்.

பிறகொரு நாள் அதைப்பற்றிக் கேட்டேன்.

“அன்னிக்கு எனக்கு மேல ஒரு சோலி இருந்துச்சுங்க சார்” என்றார், யாருடைய டயரையோ பார்த்தபடி.

என்ன சோலி என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.