முயல்களுக்கு ஒரு சூப்பிரண்டு

மனிதனுக்கு ரத்த அழுத்தம் ஏறினால் குடும்பம் கவனிக்கும். முயலுக்கு ஏறினால் அரசாங்கம் கவனிக்கும். 1987-இல் அதற்கென்றே கள்ளக்குறிச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே ஆறு முயல்களோடு கந்தசாமி மூன்று வருடமாகத் தற்காலிகமாக வேலை பார்த்தார். நிரந்தரமாவதற்குச் சூப்பிரண்டு செல்லமுத்துவின் ஒரு கையெழுத்து போதும். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வு அறிக்கை போகாவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடும்.

ரத்தக்குழாய்ச் சுவரில் ஏற்பிகள் இருக்கின்றன. ஊக்கி மருந்து அவற்றில் போய் ஒட்டினால் குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும். தடுப்பு மருந்து முன்பே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஏறாது. இதைத்தான் நிரூபிக்க வேண்டும். மூன்று முயல்களுக்குத் தடுப்பு ஊசி போட்டாயிற்று. ஊக்கி மருந்து மட்டும் உளுந்தூர்பேட்டையில், இடஒதுக்கீட்டு மறியலில், லாரியோடு நின்றுவிட்டது.

கந்தசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது செல்லமுத்து சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"இந்த முயலுங்க எந்த ஃபைல்ல இருக்குது? யாரைக் கேட்டு அசையுது?"

அவர் போனதும் முயல்களைப் பராமரிக்கும் தைலம்மாள் அழுத்தமானியைப் பார்த்துக் கத்தினாள்.

"சார், ஊசி போடாத மூணுக்கும் ஜாஸ்தியா ஏறிக்கினே போவுது! போட்டது மூணும் தேமேன்னு தின்னுக்கினு இருக்குது!"

"அவரு இன்னா பண்ணாரு?"

"வந்தாரு. அவ்ளோதாங்க."

கந்தசாமிக்கு உயிர் வந்தது. மறுநாள் முதல் செல்லமுத்து காலையும் மாலையும், உணவுக்கு முன், வரவழைக்கப்பட்டார். அரை அளவுக்கு வாசலில் நின்று செருமினாலே போதுமாயிருந்தது.

"என்னைப் பார்த்தா முயலுக்குக்கூட மரியாதை தெரியுது, இல்ல?"

"ரத்தத்துலயே தெரியுதுங்க," என்றார் கந்தசாமி.

அறிக்கையில் "ஊக்கி: மேற்படி சூப்பிரண்டு" என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். பெயர் ஏறிய பூரிப்பில் செல்லமுத்து நிரந்தர ஆணையில் கையெழுத்தே போட்டுவிட்டார். மறியலுக்குப் பயந்து இரண்டும் சேலம் வழியாகச் சுற்றிச் சென்னைக்குப் போயின.

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. "திரு. செல்லமுத்து ஒரு மருந்து என்பது ஐயந்திரிபற நிரூபணமாகியுள்ளபடியால், ஆய்வு தொடங்கிய நாள்முதல் அவர் மருந்து இருப்பில் சேர்க்கப்படுகிறார். மருந்து கையெழுத்திடுவது விதிகளுக்கு முரணானது. அவர் அந்நாள்முதல் இட்ட கையெழுத்துகள் அனைத்தும் ரத்து."

கந்தசாமியின் நிரந்தர ஆணையும் அதில் ரத்தானது; அவருக்கும் அழுத்தம் ஏறியது. அன்று மாலை அவரும், கையெழுத்துக்குக் காத்திருந்த அலுவலகம் முழுவதும், எல்லோருக்கும் பின்னால் செல்லமுத்துவும், தடுப்பு மருந்து கேட்டுத் தைலம்மாள் முன் வரிசையில் நின்றார்கள். முயல்கள் நிம்மதியாகக் கீரை தின்றன.

"பாட்டில் காலிங்க," என்றாள் அவள். "புதுசு வாங்கணும்னா சூப்பிரண்டு கையெழுத்து வேணும்."