பெண் பார்க்கப் போய்ப் பாஸ்வேர்டு சொன்ன கதை

ஆபத்தான வேலையில் இருப்பவன் கவனமானவனாகத்தான் இருப்பான் என்று ஊர் நம்புகிறது. பெண் பார்க்க எங்களை அழைத்த ஸ்ரீரங்கத்துக் குடும்பமும் அப்படித்தான் நம்பியது, பாவம்.

திருச்சியில் ஒரு சின்ன கம்பெனியில் நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. பாய்லர் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று கதிரியக்க இரிடியத்தை வைத்துப் படம் பிடிப்போம். அதை வாங்குவதற்கும் கொண்டுபோவதற்கும் அரசாங்க இணையதளத்தில் அனுமதி கேட்க வேண்டும். பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். (அணுசக்தியே என் சட்டைப்பையில் இருப்பதுபோல்தான் நடப்பேன்.)

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் கேசரி வந்தது. கூடவே ஃபோனில் மெயிலும் வந்தது. ‘உங்கள் உரிமம் ஒரு மணி நேரத்தில் ரத்தாகும். உடனே உள்நுழையவும்.’

“பாத்தீங்களா சார், ஞாயித்துக்கிழமைகூட விட மாட்டேங்கறாங்க!” என்று பெண்ணின் அப்பாவிடம் பெருமையடித்தபடி லிங்க்கைத் தொட்டுப் பாஸ்வேர்டைத் தட்டினேன். திரை வெள்ளையாகி அப்படியே நின்றது.

பெண்ணின் பெயர் ரஞ்சனி. வங்கியில் வேலை. காபித் தட்டோடு எட்டிப் பார்த்தாள்.

“இது அரசாங்க சைட் இல்லீங்க. மேல அட்ரஸப் பாருங்க.”

பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எவனோ ஒருவன் இப்போது எங்கள் கம்பெனி பெயரில் இரிடியம் கேட்டு விண்ணப்பிக்கலாம்! ஃபோனோ அசைய மறுத்தது. ரஞ்சனி ஓடிப்போய் லேப்டாப்பைக் கொண்டுவந்து பாஸ்வேர்டை மாற்ற உண்மையான தளத்தைத் திறந்தாள். அவசரத்தில் நான் இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

“இன்னொரு தடவை தப்பானா லாக் ஆயிடும். நான் அடிக்கிறேன், பழைய பாஸ்வேர்டச் சொல்லுங்க. சீக்கிரம்!”

கூடம் நிறைய ஆட்கள். என் அம்மா, ரஞ்சனியின் அத்தைகள், தரகர். நாட்டின் பாதுகாப்பா, என் மானமா? கண்ணை மூடிக்கொண்டேன்.

“ரஞ்சனி... ஒன் டூ த்ரீ.”

(அவள் ஃபோட்டோ வந்த அன்றைக்கே மாற்றியது. அவ்வளவு பிடித்திருந்தது!)

ஓர் அத்தை கேசரி புரையேறி இருமினார். ரஞ்சனியின் முகம் சிவந்தது. விரல்கள் மட்டும் நிற்கவில்லை. பாஸ்வேர்டு மாறியது. நல்லவேளை, அதற்குள் எவனும் உள்ளே நுழைந்திருக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

நடந்ததை மேலே தெரிவித்தபோது முதலாளி என்னை வறுத்தெடுத்தார். ஆனாலும் வேலை தப்பியது. ஸ்ரீரங்கத்திலிருந்து சம்மதமும் வந்தது.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் ஆரம்பித்துவிடுவார்: “பத்துப் பொருத்தத்த ஜோசியர் பாத்துச் சொன்னாருங்க. பதினொண்ணாவத மாப்பிள்ளையே கூடத்துல வச்சு வாய்விட்டுச் சொல்லிட்டாரு!”