மக்காச்சோளமும் என் வெற்றிலை வாயும்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது அஞ்சு, வளர்த்தது ஆறு. அந்த ஆறாவது, என் கொழுந்தனார் மகன் செந்தில். அவனைப் பெற்ற என் ஓரகத்தி சரோஜா உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது, அவனுக்குப் பருப்புஞ்சோறு ஊட்டிப் பழக்கினது இந்தக் கைதான். (இதை அவள் எதிரில் சொன்னால் முகம் சுண்டிப்போகும். அதனாலேயே அடிக்கடி சொல்வேன்.)

பொறாமை எல்லாம் சின்னஞ்சிறுசுகள் சமாச்சாரம், வயதானால் அடங்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஓரகத்தி இருந்திருக்க மாட்டாள்.

நான் தா.பழூர்ப் பக்கம் நெல் விளையும் சீமையில் பிறந்தவள். சிறுவாச்சூருக்கு உள்ளடங்கின இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். இங்கே காடெல்லாம் மக்காச்சோளம். விளைந்ததை லாரியில் ஏற்றினால் நாமக்கல் கோழிக்குப் போகும். கோழித் தீனியை மனுசன் தின்பானா என்று நாங்கள் அதை உலையில் போட்டதே கிடையாது. (பிஞ்சாகப் பறித்துச் சுட்டுத் தின்பது கணக்கில் சேராது.)

சமையல் என்றால் இந்த வகையறாவில் நான்தான். வருசா வருசம் குலசாமிக்குப் பொங்கல் வைத்துப் படைத்து முடிந்ததும் பங்காளிகள் அத்தனை பேருக்கும் பந்தி. அந்தப் பந்திக் கரண்டியை வேறொருத்தி கையில் நான் கொடுத்ததே இல்லை.

இப்படி இருக்கையில், சில வருசத்துக்கு முன்னால், வெளிநாட்டில் வேலை பார்க்கும் செந்தில் லீவுக்கு வந்தான், பொண்டாட்டியோடு. மெக்சிகோக்காரி. பேர் எலேனா. வந்திறங்கினவள் மக்காச்சோளக் காட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டாளாம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதன்மேல் தலையை நீட்டிச் சரோஜா சொன்னாள்.

"அக்கா, அவுங்க ஊர்ல மக்காச்சோளம் சாமி மாதிரியாம். அந்த மாவப் பெசைஞ்சுதான் சாமி மனுசனையே பண்ணுச்சாம்."

"நம்ம ஊர்ல அத வச்சு முட்டைதான் பண்ணியிருக்கோம்," என்றேன்.

"மொளகா, தக்காளி எல்லாமே அவுங்க பக்கத்துலேருந்து கப்பல்ல வந்ததுதானாம். அதுக்கு முந்தி நம்ம ஆளுங்க மொளகு போட்டுத்தான் கொழம்பு வச்சாங்களாம். செந்திலு சொல்றான்."

எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே மிளகாய் அரைத்து வைக்கிற குழம்புதான். வந்த மறுநாளே என் குழம்பில் பங்கு கேட்கிறாளே!

அன்றிலிருந்து சரோஜா வூட்டில் திருவிழா. எலேனா மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, அம்மிக்கு முன்னால் மண்டிபோட்டு அரைக்கிறாளாம். அவள் பாட்டி, பூட்டி எல்லாரும் அப்படித்தானாம். சுண்ணாம்பு சேர்த்தால்தான் சோளத்தின் சத்து உடம்பில் ஒட்டுமாம். அதைத் தட்டி, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் போட்டு எடுத்தால் மெத்தென்று ரொட்டி. தொட்டுக்கொள்ளச் சுட்ட தக்காளியும் மிளகாயும் வைத்து அரைத்த துவையல். என் பேரப்பிள்ளைகள் அங்கேயே பழியாகக் கிடந்தார்கள். என் மகன் வேலு, "சோறு வேணாம்மா, அங்க சாப்ட்டேன்," என்றான். செந்தில்? என் கையால் சோறு தின்ற பிள்ளை, என் வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் துவையல் வாசனைக்கு ஓடினான்.

அதையும் பொறுத்தேன். பெரிய பங்காளி வந்து ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள்.

"ஏம்மா, இந்த வருசம் பந்தி அடுப்ப சரோஜா பக்கம் விட்டா என்ன? அந்தப் புள்ளையும் கூட நிக்கட்டுமே."

கரண்டி போகிறது! சுண்ணாம்பு போட்டுச் சோளம் வேகவைப்பது ஒரு வித்தையா? அம்பது வருசமாக வெற்றிலை போடுகிறவளுக்குச் சுண்ணாம்பைப் பற்றி மெக்சிகோவிலிருந்து ஆள் வந்து சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் என் வீட்டில்தான் அந்த ரொட்டி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

செய்முறை கேட்க மனசு வரவில்லை. முருங்கைக்கீரை பறிக்கிற சாக்கில் சுவரோரம் நின்று பார்த்தேன். எலேனா பானையில் சுண்ணாம்பு போடுகிற வரைக்கும் பார்த்தாயிற்று. அதற்குள் சரோஜா என்னைக் கண்டுவிட்டாள்.

"ஏங்க்கா அங்கேயே நின்னு பாக்குறீங்க? உள்ள வாங்க, சொல்லித் தரச் சொல்றேன்."

"நான் கீரைக்கு வந்தேன்," என்று விறுக்கென்று திரும்பிவிட்டேன். (அது அவள் வூட்டு மரத்துக் கீரை என்பது உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது.)

எலேனா ஒரு கரண்டி சுண்ணாம்புதான் போட்டாள். நான் எதிலும் குறை வைக்கிறவள் இல்லை, ஒரு கை நிறையப் போட்டேன். ஊறினதை அப்படியே அள்ளிக் கிரைண்டரில் ஆட்டினேன். மாவு மஞ்சள் பூசின மாதிரி ஜொலித்தது. முதல் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன். அமிர்தம்!

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பெரிய பங்காளி பெரிய துண்டாக எடுத்து மென்றார். மெல்வதை நிறுத்தினார். "ஏம்மா... நாக்கு..." என்றார். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டார். வேலு "ஐயோ, வாய் வெந்துருச்சு!" என்று வாசலுக்கு ஓடினான். கொழுந்தனார் மோர்ச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டார். சரோஜா தேங்காயெண்ணெயோடு ஒவ்வொரு வாயாகத் தேடிப் போனாள். எலேனா என்னைப் பார்த்து இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணுக்குக் கை கழுவ எடம் காட்டுங்கடா," என்றேன்.

செந்தில் நாக்கை விசிறிக்கொண்டே சொன்னான். "பெரியம்மா, அவ சோளத்தக் கழுவுனீங்களான்னு கேக்குறா. ஊறுனத நல்லாத் தேய்ச்சுப் பல தண்ணியில அலசணும். தோலும் சுண்ணாம்பும் போவணும்ல?"

"கழுவுனா சத்துப் போயிடாதா?"

"நீங்க தின்னு பாக்கலையா?"

"தின்னேனே! நல்லாத்தான இருந்துச்சு? இப்பவும் நல்லாத்தான் இருக்கு," என்று இன்னொரு துண்டைப் போட்டு மென்று காட்டினேன்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சரோஜாதான் முதலில் சிரித்தாள். "அக்கா, வெத்தல போட்டுப் போட்டு உங்க வாயி காரை பூசுன தொட்டி ஆயிருச்சு. அதுக்கு என்னா தெரியும்?"

வெந்த வாயோடு அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரிய பங்காளி எண்ணெயை வாயில் அடக்கிக்கொண்டே குலுங்கினார். மிச்ச மாவை மாட்டுக்கு வைத்தேன். அது மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

கரண்டி போய்விடவில்லை. பந்திக்குப் பெரியம்மாதான் குழம்பு வைக்க வேண்டும், அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று எலேனாவே சொல்லிவிட்டாளாம். (இதற்காகவும் அவள்மேல் எனக்குக் கோபம்தான்.) ஆனால் பெரிய பங்காளி ஒரு சட்டம் போட்டுவிட்டார். நான் வைக்கலாம், இறக்குவதற்கு முன்னால் வெற்றிலை போடாத வாய் ஒன்று ருசி பார்க்க வேண்டும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருசமும் குழம்பு கொதித்ததும் யாராவது ஒரு பொடிசு கூட்டத்தைப் பார்த்துக் கத்தும். "வெத்தல போடாத வாயி யாருப்பா?"

வயதில் மூத்த பொம்பிளைகளில் வெற்றிலை போடாதவள் எங்கள் வகையறாவில் ஒருத்திதான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வருவாள். நான் அவள் உள்ளங்கையில் குழம்பு ஊற்ற வேண்டும். நக்கிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். கூட்டமே காத்திருக்கும். அப்புறம், "ஒரு கல்லு உப்புப் பத்தலக்கா," என்பாள். எல்லாம் பத்தும்! இருந்தாலும் போடுகிறேன்.

யாழினி, இந்தா கண்ணு, பாட்டி எழுதினத ஒரு தரம் படிச்சுக் காட்டு. மெதுவாப் படி, ஒண்ணும் அவசரமில்ல. எங்கயாச்சும் சரோஜா நல்லவன்னு எழுதித் தொலைச்சிருக்கேனான்னு பாரு. இருந்தா சொல்லு, அடிச்சிருவோம்.