கப்பு சார் செய்த ஆராய்ச்சி

ஒரு வரிகூட அச்சில் வராமலே ஓர் ஊரின் உபசாரத்தைத் தலைகீழாக்கிய ஆராய்ச்சியாளர் உலகத்தில் ஒருவர்தான். அவர் விருத்தாசலத்தில் எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தார்.

வந்தது எழுபதாம் வருடம், மாசி மகத்துக்கு மறுவாரம். அறுபத்தொன்பது என்று என் மனைவி சாதிப்பாள். எங்கள் மூத்தவள் அப்போது நடக்கத் தொடங்கியிருந்தாள் என்பதால் எழுபதுதான்.

சென்னையில் சமூகவியல் படித்தவர். ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்தால்தான் கல்லூரியில் வேலை என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் ஊரோ பீங்கான் ஊர். சூளையில் கோணிப்போன கப்புகள் 'செகண்ட்ஸ்' என்ற பெயரில் மலிவாக வீடுகளுக்கு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் நேர்க் கப்பு, கோணக் கப்பு, காது இல்லாத கப்பு என்று மூன்று ரகம் உண்டு. யாருக்கு எதில் டீ கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் ஊரில் யார் மேல், யார் கீழ் என்பது தெரிந்துவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அன்று முதல் அவர் கப்பு சார்.

தெருத்தெருவாக டீ குடித்தார்.

"என்ன சார், குடிக்காம கப்பத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க? எறும்பு கெடக்குதா?"

"இல்லைங்க, காது எந்தப் பக்கம் கோணியிருக்குதுன்னு பாக்குறேன்."

"டீ எப்படி இருக்குதுன்னு மொதல்ல சொல்லுங்க சார்!"

வயிறு கெட்டு, டாக்டர் டீயே கூடாது என்றார். அதன்பின் கப்பை மட்டும் அவர் பார்ப்பார். டீயைக் குடிக்க என்னை அழைத்துப்போவார். அந்த வருடம் நான் சரியாகத் தூங்கவில்லை.

அவருக்கு முதல் மாதம் எல்லா வீட்டிலும் நேர்க் கப்பு. ஆடிக்குள் கோணக் கப்பு. தீபாவளி வந்தபோது காது இல்லாதது. "எம் மதிப்பு எறங்கிட்டே போவுதுங்க," என்றார். முகத்தில் வருத்தம் இல்லை, பெரிய சந்தோஷம். கட்டுரையில் கடைசிப் படியில் தன்னையே உட்கார வைத்தார்.

கார்த்திகையில் அவருடைய பேராசிரியர் வந்தார். கண்ணால் பார்த்த பிறகே கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புவது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் மனைவி பவுனம்மா டீ கொண்டுவந்தார். பேராசிரியருக்குப் பொன்விளிம்பு வைத்த நேர்க் கப்பு. எனக்குக் கோணக் கப்பு. கப்பு சாருக்குக் காது இல்லாதது. அதை அவர் சூடு தாங்காமல் துண்டால் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா சார்!" என்று பூரித்தார்.

"ஏம்மா, இவருக்கு மட்டும் ஏன் இது?" என்றார் பேராசிரியர்.

"அவருக்கு என்னாங்க, நம்ம வூட்டுப் புள்ள! நானும் வூட்டுக்காரரும் இதுலதான் குடிக்கிறோம். நல்லது வந்தவங்களுக்கு."

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "தலைகீழா எழுதிட்டியேப்பா! எல்லா வீட்டுக்கும் மறுபடி போய்ப் பாத்து எழுது. இன்னும் நல்லா வரும்."

எங்கே பார்ப்பது? அதற்குள் பவுனம்மா சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது. காது இல்லாத கப்புதான் பாசம் என்று ஆனபின் நேர்க் கப்பைத் தொட ஆளில்லை. ஒரு வீட்டில், பெண்ணாடத்திலிருந்து தலைப்பொங்கலுக்கு வந்த மருமகனுக்கு விரிசல் விட்ட கப்பில் டீ கொடுத்தார்கள். புது வேட்டி நனைந்து, அவர் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். "நீங்க எங்க வூட்டுப் புள்ளைங்க, மாப்ள!" என்று கத்திக்கொண்டே மாமியார் பின்னால் ஓடினார்.

கப்பு சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சுங்க. என் ஆராய்ச்சியே ஊரக் கெடுத்துடுச்சு. இனிமே இங்க பாக்குறது எதுவும் நெசமில்ல."

"பழைய கட்டுரைய அப்படியே அனுப்பிடுங்க சார். பேராசிரியரு அனுப்பலைன்னா நீங்களே வேற பத்திரிகைக்கு அனுப்புங்க. வேலை முக்கியமில்லையா? யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றேன்.

"பவுனம்மா அக்கா கேப்பாங்களே. அவங்கள எப்படிங்க கல்மனசுக்காரின்னு எழுதுறது?"

அனுப்பவில்லை. அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. சித்திரையில் பெட்டியோடு ரயிலேறினார்.

இன்றைக்கும் சென்னைக்குப் போனால் நூலகத்தில் சமூகவியல் இதழ்களின் பொருளடக்கத்தை ஆண்டுவாரியாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். அவர் பெயர் இல்லை. போன மாதம் பார்த்த தொகுதியிலும் இல்லை. அடுத்தது பைண்டிங்குக்குப் போயிருக்கிறதாம்; வந்ததும் போக வேண்டும்.