பன்றி வேட்டைக்கு வாங்கிய கமரா

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுப் பூசை முடிந்த கையோடு, இத்தாலியின் பலர்மோ வாழ் தமிழ்ச் சபை முன்னிலையில் நான் ஒரு சபதம் செய்தேன். வருடம் முடிவதற்குள் ஒரு காட்டுப் பன்றியை வேட்டையாடுவேன். அதை வீடியோப் படமாகக் கொண்டுவந்து காட்டுவேன்.

சபை என்றால் மாதா கோயில் வாசலில் வெயில் காய்ந்துகொண்டு நின்ற எட்டுப் பேர். அவர்களுக்கு என் வேட்டைக் கதைகள் எல்லாம் தெரியும். மன்னார் முசலிக் காட்டில் நான் ஒரே தோட்டாவில் இரண்டு பன்றிகளை விழுத்தியது தெரியும். மூன்றாவது பன்றி அந்தச் சத்தத்திலேயே மனம் உடைந்து செத்ததும் தெரியும். அன்று கிறிகோரி, எப்போதும் வாயைத் திறக்காத மனிசன், திடீரென்று கேட்டான்.

"ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை, நீங்கள் சொல்லுறதை நம்பி நம்பி எங்கடை காது களைச்சுப் போச்சு. ஒருக்கால் கண்ணுக்கும் ஏதாவது காட்டுங்கோவன்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். அதுதான் கூட நொந்தது. சபதம் அந்த இடத்தில்தான் பிறந்தது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மன்னாரில் நான் செய்த தொழில், கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்தது. பன்றியை நான் நேருக்கு நேர் கண்டது கறிச்சட்டியில். ஆனால் ஒரு மனிசனுக்கு வயது போன பிறகு மிஞ்சுவது பெயர் ஒன்றுதானே. பகேரியாவில் ஒரு சட்டத்தரணியின் பழைய மாளிகைக்கு நான் காவல்காரன். அவருடைய நாய்க்குச் சோறு வைப்பவன். கோயில் வாசலில் மட்டும்தான் நான் வேட்டைக்காரன். அதுவும் போனால் நாய்ச்சோறு மட்டும்தான் மிச்சம்.

என் மனைவி மரியமலரைப் பற்றியும் சொல்லவேண்டும். மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோரா அம்மா வீட்டில் வேலை. இத்தாலி பாஷை தண்ணீர்பட்ட பாடு. எனக்கு அந்தப் பாஷையில் நாயோடு கதைக்க மட்டும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஒரு வீடியோக் கமரா கேட்டாள். எங்கள் சனத்தின் கலியாணங்களையும் பிள்ளைகளின் முதல் நன்மைச் சடங்கையும் படம் எடுத்துக் கொடுக்கலாமாம். சிஞ்ஞோரா வீட்டு நிலம் துடைத்து முழங்கால் தேய்வதை விட நல்லதாம். பொம்பிளை கமரா தூக்குவதா என்று நான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அவள் வேண்டும் என்றால் வேண்டாம். அவள் வேண்டாம் என்றால் வேண்டும். இருபத்தாறு வருடத்தில் இந்தச் சட்டம் ஒருநாளும் மீறப்படவில்லை.

வியா மக்வேதாத் தெருவில் ஒரு கமராக் கடைக்கு அவளையும் கூட்டிப்போனேன், மொழிபெயர்ப்புக்கு மட்டும். கடைக்காரர் மேசையில் இரண்டு கமராக்களை வைத்தார். ஒன்று பீரங்கி மாதிரி, தோளில் தூக்குவது. மற்றது உள்ளங்கைக்குள் அடங்குவது.

"பெரிசை எடுங்கோப்பா," என்றாள் மரியமலர். "சின்னன் உங்களுக்குச் சரிவராது. அது பொம்பிளையளின்ரை கைக்குத்தான் காணும்."

நான் சின்னதை எடுத்தேன்.

"உமக்கு வேட்டையைப் பற்றி என்ன தெரியும்? காட்டுக்குள்ளை பாரம் தூக்கிக்கொண்டு ஓடேலாது."

"ஓம், அதுவும் சரிதான். எனக்கென்ன தெரியும்."

கடைக்காரர் ஒரு நீள மைக்கைக் காட்டினார். தூரத்தில் ஒருவர் மெல்லக் கதைத்தாலும் பிடிக்குமாம்.

"மைக் என்னத்துக்கு?" என்றாள். "பண்டி என்ன பிரசங்கமே வைக்கப் போகுது?"

"உறுமல் வேணும். உறுமல் இல்லாட்டில் அது பண்டியே? மைக்கைக் கட்டச் சொல்லும்."

அடுத்தது ஒரு பெரிய லைற். கைப்பிடியோடு, அரை வீட்டை வெளிச்சமாக்கும்.

"இது வேண்டாமப்பா. பண்டிக்கு என்ன, முகம் வடிவாய் விழவேணுமே?"

"பண்டி பொழுதுபடத்தான் வெளியிலை வரும். அதையும் கட்டச் சொல்லும்."

மூன்று கால் ஸ்ராண்டையும் இரண்டு உபரிப் பற்றறிகளையும் அவள் இதே மாதிரி எதிர்த்துத் தோற்றாள். நடுவில் கடைக்காரர் அவளோடு ஐந்து நிமிடம் கதைத்தார். அதில் மத்ரிமோனியோ என்ற சொல் மூன்று தரம் வந்தது. அந்தளவுக்கு எனக்கும் இத்தாலி தெரியும்.

"என்னப்பா கலியாணக் கதை?"

"உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ எண்டு கேக்கிறார். உங்கடை முகத்தைப் பாக்கப் பாவமாய்க் கிடக்காம்."

கடைக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். நல்ல மனிசன், விளங்கிக்கொண்டான்.

கார்த்திகையில் சட்டத்தரணி ஐயா தன் கூட்டாளிகளோடு மடோனியே மலைக்கு வேட்டைக்குப் புறப்பட ஆயத்தமானார். நானும் வரட்டோ என்று கையாலும் காலாலும் கேட்டேன். சம்மதித்தார். துவக்கும் தருவார், ஆனால் எனக்கு லைசென்ஸ் இல்லாதபடியால் தோட்டா இராது. எனக்குத் தோட்டாவா முக்கியம்.

புறப்படுவதற்கு முதல்நாள் மத்தியானம், கழுத்தில் கமரா, தோளில் மைக், கையில் லைற் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். மரியமலர் சொதியை ஊற்றிக்கொண்டு கேட்டாள்.

"படம் ஆர் எடுக்கிறது?"

"நான்தான்."

"அப்ப படத்திலை ஆர் நிக்கிறது?"

சோறு ஆறியது. ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்த சாமான்களில் இந்த ஒரு சாமான் குறைந்திருந்தது. படம் எடுப்பவன் படத்தில் விழமாட்டான். வேறு ஆளைக் கூட்டிப்போனால் அவன் சாட்சி. தோட்டா இல்லாத துவக்கு என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவான். வீட்டுக்காரி என்றால் வீட்டோடு நிற்கும்.

"நீர் வாரும்," என்றேன்.

"எனக்கெங்கை உது தெரியும்?" என்றாள். ஆனால் அடுத்தநாள் காலை மலையில் அவள் ஸ்ராண்டை நட்டு, மைக்கைப் பூட்டிய வேகத்தைப் பார்த்து ஐயாவின் கூட்டாளிகள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அவர்கள் நாய்களோடு மேலே போய்விட்டார்கள். நான் ஒரு நாகதாளிக் கள்ளி வேலிக்குப் பக்கத்தில், ஒரு காலைக் கல்லில் வைத்து, துவக்கை நிமிர்த்தி, தூரத்தைப் பார்த்தபடி நின்றேன். அவர்கள் சுடும் பன்றி பிறகு விழட்டும். அதன் பக்கத்தில் நின்று மிச்சத்தை எடுக்கலாம். பத்து நிமிடம் அப்படியே நின்றேன்.

பிறகு பற்றைக்குள் ஏதோ அசைந்தது. உறுமியது. என்னை நோக்கி வந்தது.

அதன் தோற்றத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்லமுடியும். எருமையின் உயரம். ஒவ்வொரு கொம்பும் ஒரு முழம். கண்ணில் நெருப்பு. வாழ்க்கையில் நான் பொய் சொல்லாமல் பார்த்த ஒரே மிருகம் அதுதான்.

அடுத்த நாள் வீட்டில் கசற்றைப் போட்டபோது அது ஒரு செம்மறியாடாக இருந்தது.

கழுத்தில் மணியும் கட்டியிருந்தது. நான் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தேன். நாகதாளிக்குள் பாய்ந்தவனுக்கு வேறு கிடை இல்லை. மரியமலர் புருவம் பிடுங்குகிற சாமானால் என்னிடமிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துக்கொண்டு, தொலைக்காட்சியையும் பார்த்தாள். நான் துவக்கை எறிந்தது தெளிவாக விழுந்திருந்தது. பாய்ந்ததும் விழுந்திருந்தது. மைக் தன் வேலையை மிகவும் விசுவாசமாகச் செய்திருந்தது. ஆட்டு மணி, அதற்கு மேலே என் குரல்.

"மடு மாதாவே, காப்பாத்து தாயே. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மரியமலர் அந்த இடத்தை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள்.

"மாதாவுக்குமே பொய்?" என்றாள்.

நான் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். "அதை அழிச்சுவிடும்."

"அழிக்கலாம். எப்பிடி எண்டு புத்தகத்திலை கிடக்கு. ஆறுதலாய்ப் படிச்சுத்தான் பாக்கவேணும்." ஒரு முள்ளை இழுத்தாள். "கிறிகோரியின்ரை மூத்தவள் சுஜானிக்குத் தையிலை கலியாணம். வீடியோ எடுக்க ஆளில்லையாம். நான் ஓமெண்டு சொல்லட்டே?"

வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்குச் சட்டம் மறந்துபோனது.

"போம்," என்றேன்.

"லைற் பிடிக்க ஒரு ஆள் வேணுமே."

கசற் அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. திறப்பு அவள் தாலிக் கொடியில் ஏறியது.

தை மாதம் கலியாணம். மரியமலர் சின்னக் கமராவை உள்ளங்கையில் ஏந்தி நின்றாள். குருவானவர் மெல்லச் சொன்ன மந்திரங்களையெல்லாம் நீள மைக் பிடித்தது. நான் பெரிய லைற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். விருந்து மண்டபத்தில் அந்தப் பழைய எட்டுப் பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணை, பண்டி வேட்டைக் கசற் எங்கை?"

நான் லைற்றை மற்றக் கைக்கு மாற்றினேன். மரியமலர் கமராவில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அது பழுதாய்ப் போச்சு. ஆனா நான் பக்கத்திலை நிண்டனான். மிருகம் வரேக்கை இவர் பாஞ்ச பாய்ச்சல், என்ரை சீவியத்திலை நான் அப்பிடி ஒண்டு கண்டதில்லை."

எட்டுப் பேரும் அடங்கினார்கள். மரியமலர் பொய் சொல்லமாட்டாள் என்று பலர்மோ முழுக்கத் தெரியும். ஒருவர் என் தோளில் தட்டினார். அது முள் ஒன்று உள்ளேயே முறிந்து நின்ற இடம். இருந்தாலும் நான் நிமிர்ந்து நின்றேன். என் பெயர் மீண்டுவிட்டது. இவளை நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

மற்றவர்கள் போனபிறகு கிறிகோரி என் காதுக்குக் கிட்ட வந்தான்.

"அண்ணை, மனசிலை வைச்சிருக்காதையுங்கோ. அண்டைக்குக் கோயில் வாசலிலை நான் உங்களைச் சீண்டினது என்ரை புத்தியில்லை. மகளின்ரை கலியாணத்துக்கு வீடியோ எடுத்துத் தாறன், நீ இவரை ஒருக்கால் நாலு பேருக்கு முன்னாலை உசுப்பிவிடு எண்டு மரியமலர் அக்காதான் ஆவணியிலை சொன்னவ."

நான் திரும்பி மரியமலரைப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "லைற்றை உயர்த்திப் பிடியுங்கோ. உங்கடை நிழல் கலியாணப் பொம்பிளையின்ரை முகத்திலை விழுது."