உள்நுழைவு மீட்புக் குழு

உலக வரலாற்றில் பெரிய முற்றுகைகள் என்று நாலைந்தைச் சொல்வார்கள். மாதக்கணக்கில் கோட்டைக்கு வெளியே காத்துக் கிடந்த படைகளின் கதைகள். ஆனால் அவர்கள் எல்லோரும் அடுத்தவன் கோட்டையைத்தான் முற்றுகையிட்டார்கள். சொந்தக் கோட்டைக்கு வெளியே நின்றுகொண்டு, பதினோரு நாள் உள்ளே போக வழி தேடிய பெருமை ஆம்பூருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் காலணித் தொழிற்சாலையின் நிர்வாகத்தையே சேரும். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர்தான் எங்களுடைய ஒரே சொத்து. நான் அங்கே மனிதவள அலுவலர். பெயர் சுந்தர்ராஜ். அந்த முற்றுகையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கோட்டை என்றது எங்கள் கம்பெனியின் சமூக ஊடகப் பக்கத்தை. பதினோராயிரம் பேர் அதைப் பின்தொடர்கிறார்கள். அதில் ஆயிரத்து இருநூறு பேர் எங்கள் தொழிலாளர்கள். அவர்கள் விரும்பித்தான் பின்தொடர்கிறார்கள். விரும்ப வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் நான்தான் ஒட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, சிஸ்டம் பிரிவின் ஒரே ஊழியரான சுஹேல் அகமது புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறக்கப் போனார். திரையில் "இது நீங்கள்தானா?" என்று ஒரு கேள்வி வந்தது.

ஜெனரல் மேனேஜர் பிரேம்நாத்துக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருட சர்வீசில் அவரைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"நான்தான்னு சொல்லுப்பா."

"சொன்னா ஒத்துக்காது சார். பாஸ்வேர்டு கேக்குது."

"குடு."

"எனக்குத் தெரியாது சார். பழைய கம்ப்யூட்டர்ல அதுவே ஞாபகம் வெச்சிருந்துச்சி."

பழைய கம்ப்யூட்டர் போன மாதம் "நவீனமயமாக்கல்" என்ற பெயரில் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது. நிறுவனத்தின் மொத்த ஞாபகசக்தியும் எடைக்குப் போய்விட்டது.

மற்ற நேரமாக இருந்தால் விட்டிருப்போம். ஆனால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, எங்களிடம் செருப்பு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அவர்களிடம் அறுபத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. நாற்பத்தொன்றாவது கேள்வி: "தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்ல ஒரு பொதுப் பக்கம் இருக்கிறதா? அது உயிரோடு இருக்கிறதா?" பக்கம் செத்துக் கிடந்தால் அடுத்த வருட ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

உடனே நாலு பேர் கொண்ட "உள்நுழைவு மீட்புக் குழு" அமைக்கப்பட்டது. ஜெனரல் மேனேஜர் தலைவர். சுஹேல் தொழில்நுட்ப ஆலோசகர். நான் செயலாளர். தொழிலாளர்களின் பிரதிநிதியாக, நிர்வாகத்தால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கோபி. கோபி, ஜெனரல் மேனேஜரின் கார் டிரைவர்.

முதல் கூட்டத்தில் ஊகங்கள் வரவேற்கப்பட்டன.

"கம்பெனி பேரு போட்டுப் பாரு" என்றார் தலைவர்.

"போட்டேன் சார்."

"பெரிய எழுத்துல?"

"போட்டேன் சார்."

"கொஞ்சம் அழுத்தி அடிப்பா. கீபோர்டு புதுசு."

சுஹேல் அழுத்தி அடித்தார். "பல முறை தவறாக முயன்றுவிட்டீர்கள். பிறகு வாருங்கள்" என்று திரை சொன்னது.

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நம்மளையே அப்புறம் வாங்கன்னு சொல்றானா? அது நாம சொல்றதாச்சே!"

இரண்டாம் நாள் உதவி மையத்துக்குக் கம்பெனியின் லெட்டர்பேடில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். "பெருமதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்று தொடங்கி, முத்திரை குத்தி, படம் பிடித்து அனுப்பினோம். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். இந்தச் செய்திக்குப் பதில் அனுப்ப வேண்டாம்." தலைவர் அதை மூன்று முறை படித்தார். கோபம் போய் மரியாதை வந்துவிட்டது. "இன்னா நிர்வாகம் பாருய்யா! இத நோட் பண்ணி வெச்சிக்க சுந்தர்ராஜ், நமக்கு உதவும்" என்றார்.

மூன்றாம் நாள் தொழிலாளர் பிரதிநிதி கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றினார். நாலாம் நாள் அந்த எலுமிச்சம்பழச் சாறு கீபோர்டிலிருந்து துடைக்கப்பட்டது.

ஐந்தாம் நாள்தான் சுஹேல் மெல்லச் சொன்னார். "சார், ஒரு வழி இருக்கு. ஒரு போன் நம்பருக்கு கோடு அனுப்பறேன்னு சொல்லுது. கடைசி ரெண்டு நம்பர் மட்டும் காட்டுது. நாப்பத்தேழு."

நாங்கள் நாலு பேரும் அவரவர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் நாற்பத்தேழு இல்லை. தொழிலாளர் கோப்புகளை எடுத்து மூன்று நாள் புரட்டினேன். எட்டாம் நாள் மாலை கிடைத்தது. பெயர் முத்துமாரி. தையல் பிரிவு, நாலாம் லைன். படிப்பு பி.காம். நிலை: "நீக்கப்பட்டார்".

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருடம் முன்பு அந்தப் பக்கத்தை உண்டாக்கிக் கொடுத்ததே முத்துமாரிதான். ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை என்று லைனிலிருந்து கூப்பிட்டோம். அரை மணியில் முடித்துவிட்டுத் தன் மெஷினுக்குப் போய்விட்டார். எந்த எண்ணைக் கொடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

அவரை ஏன் நீக்கினோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம்.

இரண்டு மாதம் முன்பு, காலை பதினொன்று இருபதுக்கு, பேஸ்டிங் பிரிவில் வேலை செய்யும் சவுரியம்மாள் மேஜைப் பக்கத்தில் விழுந்தார். அந்த அறையில்தான் தோல் துண்டுகளை ஒட்டும் சொல்யூஷனை நாள் முழுக்கத் தடவுவார்கள். அதன் நெடியை வெளியே இழுக்கும் மின்விசிறி அப்போது "பராமரிப்பில்" இருந்தது. மூன்று வாரமாக நல்ல பராமரிப்பு. விழுந்தவரைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. முத்துமாரி இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து நூற்றெட்டுக்குப் பேசிவிட்டார்.

ஆம்புலன்ஸ் பதினைந்து நிமிடத்தில் வந்தது. அதுதான் பிரச்சினை. பெரிய வாசலில் சைரனோடு வந்தது. அந்த நேரம் ஒரு முக்கியமான விருந்தினர் வரவேற்பறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

விசாரணை நடந்தது. சவுரியம்மாள் எப்படி விழுந்தார் என்று அல்ல, ஆம்புலன்ஸ் எப்படி வந்தது என்று. விசாரணை அதிகாரி நான். சவுரியம்மாள் "பணியிடத்தில் சற்று ஓய்வெடுத்தார்" என்றும், முத்துமாரி "தடைசெய்யப்பட்ட கருவியை வைத்திருந்தார்" என்றும் எழுதினேன். பிறகு வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்தத் தொழிற்சாலை முத்துமாரியைப் பற்றிப் போனில் விசாரித்தாலும், அந்த நீக்க உத்தரவை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். எங்கேயும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. விண்ணமங்கலத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார்.

எந்தப் போனுக்காக அவரை வெளியே அனுப்பினோமோ, அந்தப் போன்தான் இப்போது எங்களுக்கு வேண்டும். நான் அவரை அழைத்தேன்.

"யாரு?"

"சுந்தர்ராஜ் பேசறம்மா. கம்பெனிலேர்ந்து."

"எந்தக் கம்பெனி?"

"நம்ம கம்பெனிதாம்மா."

"இன்னா சார், என்னைத்தான் எடுத்துட்டீங்களே. அப்புறம் எப்டி நம்ம கம்பெனி?"

"சரி, அத வுடும்மா. உன் போனுக்கு இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும். அதக் கொஞ்சம் சொல்லிடு."

"ஓடிபி-ய யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு கேண்டீன் செவுத்துல ஒட்டியிருக்குது சார். கீழ உங்க கையெழுத்துதான்."

போன் வைக்கப்பட்டது. எங்கள் தொழிலாளர்கள் அறிவிப்புகளைப் படிப்பதில்லை என்று அதுநாள்வரை நினைத்திருந்தேன்.

மேலும் இரண்டு நாள் கெஞ்சியபின், பதினோராம் நாள், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, முத்துமாரி நேரில் வர ஒப்புக்கொண்டார். அறையில் குழு முழுமையாகக் கூடியது. பிஸ்கட் வைக்கப்பட்டது. அவர் உட்கார்ந்ததும் சுஹேல் பொத்தானை அமுக்கினார்.

"அனுப்பிட்டேன். பத்து நிமிசம் செல்லும். பாருக்கா."

"எதுல பாக்கறது?" என்றார் முத்துமாரி. "போனை கேட்ல வாங்கி வெச்சிட்டாங்களே."

தலைவர் ஜன்னலுக்கு ஓடினார். "கன்னியப்பா! அந்தம்மா போனை யார் வாங்கச் சொன்னது?"

கீழே காவலாளி கன்னியப்பன் விறைப்பாக நின்றார். "ரூல் சார். நீங்க போட்டதுதான்."

"எடுத்துட்டு வா மேல!"

"உள்ள வரணும்னா எழுத்து மூலமா பர்மிஷன் வேணும் சார். அதுவும் ரூல்."

பர்மிஷன் எழுதினேன். "தடைசெய்யப்பட்ட கருவி ஒன்று, கருப்பு நிறம், நிர்வாகத்தின் அழைப்பின்பேரில் உள்ளே வர அனுமதிக்கப்படுகிறது." கன்னியப்பன் அதைப் பதிவேட்டில் ஏற்றி, போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறி வந்தார். அதற்குள் கோடு காலாவதி ஆகிவிட்டது. சுஹேல் மறுபடி அனுப்பினார். இந்த முறை போன் மேஜைமேலேயே அதிர்ந்தது. தலைவர் எட்டிப் பார்த்தார். முத்துமாரி போனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னம்மா, வேலை வேணுமா? நாளைக்கே வந்துடு."

"வேலை அப்புறம் சார். என்னை எடுத்த ஆர்டரை ரத்து பண்ணி எழுதிக் குடுங்க. போனை எதுக்கு எடுத்தேன்னும் எழுதுங்க. அன்னிக்கு சவுரியக்கா வுழுந்தாங்கன்னு எழுதுங்க."

"அது எதுக்கு இப்ப?"

"அக்காவுக்கு இன்னிக்கு வரைக்கும் மூச்சு சரியில்ல சார். ரெண்டு படி ஏறினா உக்காந்துடறாங்க. இன்சூரன்ஸ்ல வைத்தியம் பாக்கப் போனா, வேலை செய்யற எடத்துல ஆனதான்னு கேக்கறாங்க. உங்க பேப்பர்ல ஓய்வெடுத்தாங்கன்னு கீது. படுத்துத் தூங்கனவங்களுக்கு எவன் சார் விபத்துன்னு பதிவான்?"

தலைவர் கனிவோடு சொன்னார்: "கண்டிப்பா பண்ணலாம்மா. இதுக்கு ஹெட் ஆபீஸ் ஒப்புதல் வேணும். மூணு நாள் ஆகும். நீ இப்ப கோடைச் சொல்லு."

முத்துமாரி போனை லேசாகத் தூக்கிப் பார்த்தார். "இதுக்கு ஏழு நிமிசம்தான் சார் கீது."

"இந்தக் கோடும் போச்சின்னா ஒரு வாரத்துக்குப் பூட்டிடும் சார்" என்றார் சுஹேல், யாரையும் பார்க்காமல். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுஹேலின் அம்மாவும் அதே பேஸ்டிங் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவர் என்பது மட்டும் தெரியும்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். "சவுரியம்மாள் மயங்கி விழுந்தார்" என்று அடித்தேன்.

"மயங்கி விழுந்தார் வேணாம்யா. 'தளர்வுற்றார்'னு போடு."

"ஆறு நிமிசம்" என்றார் முத்துமாரி.

"'சாய்ந்தார்'?"

"அஞ்சு."

"'விழ நேர்ந்தது'ன்னா கொஞ்சம் கௌரவமா இருக்குமில்ல?"

"நாலு."

"சொல்யூஷன் நெடியாலன்னு வேற போடணுமா?"

"மூணு சார்."

"அட, விழுந்தார்னே போட்டுத் தொலைய்யா!"

ஹெட் ஆபீஸ் ஒப்புதல் வேண்டிய கடிதம், ஒப்புதல் இல்லாமலே, கையெழுத்தும் முத்திரையுமாக ஒன்றரை நிமிடத்தில் வெளியே வந்தது. கம்பெனி வரலாற்றில் இதற்கு முன் நடந்ததில்லை. முத்துமாரி அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். நெடியால் என்ற சொல் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார். பிறகு ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். சுஹேல் அடித்தார். பக்கம் திறந்தது. கோபி கை தட்டினார்.

வாசல்வரை நான் கூடவே போனேன். "நாளைக்கு வேலைக்கு வர்றியாம்மா?"

"போன் வெச்சிக்கலாமா சார்?"

"அது ரூலாச்சே."

"அப்ப வேணாம் சார்."

அடுத்த வாரமே வாணியம்பாடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து விசாரித்தபோது நான் எதையும் வாசிக்கவில்லை. வாசிக்கக் கையில் ஒன்றும் இல்லை. சவுரியம்மாள் விழுந்தது வேலையிட விபத்தாகப் பதிவாகி, வேலூரில் வைத்தியம் நடக்கிறது என்று சுஹேல் சொன்னார்.

கடிதம் கொடுத்த மறுநாள், வெள்ளிக்கிழமை, ஆய்வுக் குழு வந்தது. நாற்பத்தொன்றாவது கேள்விக்கு எதிரே பச்சை மையில் ஒரு டிக் போட்டது. ஆர்டர் காப்பாற்றப்பட்டது. இனிமேல் இப்படி ஒரு ஆபத்து வரக் கூடாது என்பதற்காக, பக்கத்தோடு இணைந்த போன் எண்ணை என்னுடையதாக மாற்றச் சொன்னார் தலைவர். மாற்றினோம். அன்றுமுதல் தொழிலாளர்கள் பக்கத்துக்கு எழுதும் எல்லாச் செய்தியும் என் சட்டைப் பைக்கே வருகிறது. இவ்வளவு நெருக்கமான நிர்வாகம் வேறெங்கும் இருக்க முடியாது.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. பேஸ்டிங் பிரிவிலிருந்து ஜெஸி என்ற பெண், வேலை முடிந்து வீட்டுக்குப் போய் எழுதியிருந்தார். "சார் இன்னிக்கு மத்தியானம் எங்க டேபிள்ல இன்னொருத்தங்க வுழுந்துட்டாங்க. ஃபேன் இன்னும் ஓடல. யார் கைலயும் போன் இல்ல. நாங்களே தூக்கினு மெயின் ரோடு வரைக்கும் நடந்தோம்."

உடனே திறந்து முழுவதும் படித்தேன். தலைவரிடமும் காட்டினேன். அவரும் முழுவதும் படித்தார். "பதில் போடாத சுந்தர்ராஜ். போட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். நான் போடவில்லை.

எங்கள் நிர்வாகம் தொழிலாளர்களின் குறைகளைப் பார்ப்பதே இல்லை என்று ஊரில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். சுத்த அபாண்டம். ஜெஸியின் செய்திக்குக் கீழே, சின்ன எழுத்தில், அழிக்க முடியாதபடி பதிவாகியிருக்கிறது: "பார்க்கப்பட்டது".