பெட்டிக்குள் தலை வைத்துச் செய்தி வாசித்தது குறித்து

செம்மாங்கரடு,
திருச்செங்கோடு வட்டம்.
13.6.1986

பெருமதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தகுதிகாண் பருவத்துச் செய்தி வாசிப்பாளன் செ. குழந்தைவேல் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் செய்திப் பிரிவில் மற்றவர்களும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

தங்கள் குறிப்பாணை நேற்றுக் கிடைத்தது. நாளிதழில் வந்த புகைப்படத்தை இணைத்திருந்தீர்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் தெரிவது என் தலைதான். மறுக்கவில்லை. வேலையில் சேர்ந்து எட்டு மாதமே ஆனவன் அனுமதியின்றி 'வாழ்நாள் சாதனையாளர்' விருது பெற்றது ஏன், மேடையில் பொய்ச் செய்தி வாசித்தது ஏன், இப்படிப்பட்டவனை எதற்காக நிரந்தரம் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியை நானும் அடிக்கடி கேட்டுக்கொள்வதுண்டு.

விருது. எனக்கு வயது இருபத்தாறு. இதுவரை பதினொரு முறை செய்தி வாசித்திருக்கிறேன். அதில் நான்கு முறை, வாசிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. போன மாதம் பக்கத்து ஊர் மொட்டக்கிணற்றில் ஒரு கோழிப்பண்ணைக்காரருக்குச் 'சாதனையாளர்' பட்டம் கொடுத்தார்கள். அதற்குக் குறைந்து எங்கள் ஊர் கொடுக்க முடியாது. வேறு காரணம் இல்லை. விழாக்குழுத் தலைவர் சின்னுசாமி, போர்வெல் ரிக் லாரி வைத்திருப்பவர், எனக்கு மாமா முறை. அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு வாழ்நாளே இன்னும் ஆகலைங்க மாமா."

"ஏ மாப்ள, நம்மூருக்கு டி.வி. வந்து எத்தன மாசம்?"

"எட்டு மாசமுங்க."

"நீ அதுக்குள்ள போயி?"

"எட்டுதானுங்க."

"அப்புறமென்ன? அது பொறந்ததுலருந்து நீ அதுக்குள்ளதான இருக்கற. அதோட ஆயுசு பூராவும்! மொட்டக்கிணத்தான் என்ன, கோழிக்குள்ளயா இருந்தான்?"

பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டுகள் படித்தேன். தர்க்கம் ஒரு பாடம். சட்டையைத் தேய்க்கக் கொடுத்தேன்.

மேடைக்கு வருகிறேன். சால்வை போர்த்தினார்கள், ரோஜா மாலை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள், அதோடு விடுவார்கள் என்று நினைத்து நான் எழுந்திருக்கப் போக, மாமா ஒரு ரிப்பேர் கடையிலிருந்து படக்குழாய் கழற்றிய மரப்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்து, "சனம் உன்னய இதுக்குள்ளதான் பாத்துருக்குது, வெளிய நின்னா நீதான்னு எவன் நம்புவான்?" என்று சொல்லி, என் பிடரியைப் பிடித்து உள்ளே தள்ள, அங்கே ஏற்கெனவே குடியிருந்த பல்லி ஒன்று என் காதோரம் ஒதுங்கி இடம் கொடுக்க, கையில் ஒரு தாளைத் திணித்து "படி" என்றார்கள். படித்தேன். முகத்தில் உணர்ச்சி காட்டாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. கையில் கொடுத்த தாளை அப்படியே படிக்கத்தான் எட்டு மாதமாக என்னைப் பழக்கியிருக்கிறீர்கள். தாளில் மாமா கையெழுத்தில் இருந்தது: 'வரும் திங்கட்கிழமை முதல் செம்மாங்கரட்டுக்குக் காலை ஆறு மணிக்குப் பேருந்து விடப்படும்.'

திங்கட்கிழமை. காலை ஐந்தரை. ஊருக்குச் சாலை பிரியும் இடத்தில் அறுபது பேர்.

முன்னால் நின்றவர் வள்ளியாத்தாள் அக்கா. தலையில் முட்டைக் கூடை. சந்தைக்கு ஏழு கிலோமீட்டர் நடப்பவர். அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அக்கா, அது மாமா எழுதுனதுங்க. பொய்யி."

"எழுதுனது ஆரா இருந்தா என்ன சாமி, படிச்சது நீதான?"

"படிச்சது நாந்தானுங்க."

"பொட்டிக்குள்ள இருந்துதான படிச்ச?"

"ஆமாங்க."

"பொட்டிக்குள்ள பொய் சொல்றவனுக்குக் கவருமெண்டு சம்பளம் குடுக்குமா? போ சாமி, தள்ளி நில்லு. பஸ் வந்தா உம்மேல ஏறிப்போடும்."

பேருந்து வரவில்லை. ஒன்பது மணிக்கு அறுபது பேரும் நடந்தே பணிமனைக்குப் போய், "நியூஸ்ல சொல்லிப்போட்டாங்க, வண்டி எங்கீங்க?" என்று கேட்டார்கள். அங்கிருந்து மாவட்ட அலுவலகம். அங்கிருந்து தங்கள் தொலைபேசி. மீதி தங்களுக்குத் தெரியும்.

அன்று முதல் என் அப்பா என்னோடு பேசுவதில்லை. பொய் படித்ததற்காக அல்ல. பொய் என்று ஊரில் சொன்னதற்காக. "படிச்சுப்போட்டு இல்லைங்கறானே, இவனெல்லாம் ஒரு நியூஸ்காரனா?" என்று என் காது கேட்க மாட்டிடம் சொல்கிறார்.

ஆகவே ஐயா, எழுத்து மூலம் உறுதி கூறுகிறேன். நான் படித்தது செய்தி அல்ல. பேருந்து இல்லை. சாதனையும் இல்லை. வாழ்நாள் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதைத் தங்கள் பிரிவிலேயே கழிக்க விரும்புகிறேன். கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். என்னை நிரந்தரம் செய்யுங்கள். இந்த வேலை போனால் எனக்கு மாமாவின் ரிக் லாரிதான்.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் என் வணக்கம். தங்கள் வாசிப்பாளர்கள் எவருக்கும் தொண்டை கட்டாதிருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
செ. குழந்தைவேல்

பி.கு.: இன்று சனிக்கிழமை. நேற்று ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டது. பேருந்து. நெற்றியில் சுண்ணாம்புக் கட்டியால் 'செம்மாங்கரடு' என்று எழுதியிருந்தது. நடத்துநரிடம் விசாரித்தேன். "நியூஸ்ல வந்துருச்சுன்னு மேல கேக்கறாங்க, இனி உடாம முடியுங்களா?" என்றார். எனவே 'நான் படித்தது செய்தி அல்ல' என்ற வரியை அடித்துவிடவும். அப்பா பேசிவிட்டார். மாமா அந்தப் பெட்டியை இன்னும் கடைக்குத் திருப்பித் தரவில்லை. புதிய தாளும் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் செய்தி: 'செய்தி வாசிப்பாளர் குழந்தைவேல் இன்று முதல் நிரந்தரம் செய்யப்பட்டார்.' மாலை ஆறு மணிக்கு வாசிக்கிறேன். இக்கடிதம் தங்களை அடைய மூன்று நாளாகும். அதற்குள் ஊர் நம்பிவிட்டிருக்கும்.